பதில் வராவிட்டால் சம்மதம்

"மதிப்பிற்குரிய பங்களிப்பாளரே" என்று என்னைக் கூப்பிட்ட என் மகனுக்கு, படூரிலிருந்து உன் அம்மா எழுதுவது.

உன் மெயில் வந்து சேர்ந்தது. வந்த நேரத்தில் நான் உன் கல்யாணப் பத்திரிகைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். போன் டிங் என்றது. மண்டபத்துக்காரர்தான் ஏதோ கேட்கிறார் என்று விரலைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால், உன் பெயர். திறந்தால், மதிப்பிற்குரிய பங்களிப்பாளரே! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராக உட்கார்ந்து, இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது, மேற்படி பொருள் தொடர்பாக என்று ஊரார் வாக்கியங்களையெல்லாம் தட்டித் தள்ளியவள் நான். அந்தப் பாஷை ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வரும், அதுவும் என் வயிற்றில் பிறந்தவன் கையாலேயே வரும் என்று நான் நினைக்கவில்லை. உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டு, "இன்னாமே, உனக்கு மெமோ குட்த்துட்டானா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்.

நீ அந்த மெயிலை எனக்குத் தனியாக அனுப்பவில்லை. கட்டுமரம் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து அனுப்பினாய். ஊரறியக் கேட்டதற்கு ஊரறியப் பதில் சொல்வதுதான் முறை. அதனால் நானும் குழு முழுவதற்கும் போகிற மாதிரிதான் எழுதுகிறேன். மற்ற பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீளமாக இருக்கிறது என்று தோன்றினால் அழித்துவிடுங்கள், அந்தச் சுதந்திரம் எல்லா உரிமத்திலும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்கதை தெரியாது என்பதால் அங்கங்கே கொஞ்சம் விளக்குவேன். உனக்குத் தெரிந்ததுதானே என்று முகம் சுளிக்காதே. நீ சொன்ன கதைகளை நான் எத்தனை முறை திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்.

கட்டுமரம் எப்படி வந்தது என்பது இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நீ இங்கே கல்லூரியில் படித்த காலம். அலுவலகம் ஒன்று கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை உன் அப்பா ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். காசு கொடுத்து வாங்கும் புது இயங்குதளம் எதுவும் அதில் ஏறவே மாட்டேன் என்றது. காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸை நீ கொண்டு வந்தாய். அதுவும் தள்ளாடியது. பிறகு எங்கேயோ இருக்கிற யாரோ எழுதிய சின்னச் சின்னத் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்து, ஒன்றோடு ஒன்றைக் கட்டி, அந்தக் கிழட்டுப் பெட்டியை எழுப்பி நிற்க வைத்தாய். அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, நாலு கட்டைய சேத்துக் கட்டிட்டா போட்டா?" என்று கேட்டார். "போட்டு இல்லப்பா, கட்டுமரம்" என்றாய் நீ. அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே அவர் அந்தப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த பழைய பாட்டுகளை மொத்தமாக அழித்துவிட்டாய் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். திருப்போரூர் பஜாரில் ஒரு கடையில் நின்று நின்று ஒவ்வொன்றாகப் பதிந்து வாங்கிய பாட்டுகள். மனுஷர் உன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பிறகு அவரே வந்து, "பாட்டு போனா போவட்டும், இதுல பாட்டு கேக்குமா, அதச் சொல்லு" என்றார். லினக்ஸ் ஏறிய பிறகு அந்தப் பெட்டியில் சத்தமே வராது. அதை வரவழைக்க நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் கரகரவென்று ஒரு நாதஸ்வரம் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நீ பரீட்சையில் வாங்கிய மார்க்குக்கெல்லாம் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

நான் இதற்குள் எப்படி வந்தேன் என்பது தனிக்கதை. திருப்போரூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டுமரத்தை ஏற்றிக் கொடுக்க நீயும் உன்னோடு சேர்ந்து கட்டுமரம் எழுதும் ரஃபீக்கும் கிளம்பினீர்கள். முருகனைப் பார்த்து நாளாயிற்றே என்று நானும் கூடவே பஸ் ஏறினேன். கோயிலுக்குப் போய்விட்டு விபூதிப் பொட்டலத்தோடு பள்ளிக்கு வந்தால், ஒரு சின்னப் பெண் வகுப்புக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருக்கிறது. உள்ளே வர மாட்டேன் என்கிறது. டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. நான் உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். "அபாயகரமான பிழை. செயல்முறை கொல்லப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பாவம், தான் பொத்தானை அழுத்தியதால் யாரையோ கொன்றுவிட்டோம் என்று நினைத்துவிட்டது அந்தக் குழந்தை. எவன்டா இதை எழுதினான் என்று உன்னைக் கேட்டேன். யாரும் எழுதவில்லை, இங்கிலீஷிலிருந்து மிஷினே மாற்றிக் கொடுத்தது என்றாய். அங்கேயே, டீச்சர் எதிரிலேயே உன்னைத் திட்டினேன். நீயும் விடவில்லை. "அவ்ளோ தெரிஞ்சா நீயே எழுதிக் குடும்மா" என்றாய்.

கொடுத்தேன். அன்றிலிருந்து மதியச் சமையல் முடிந்ததும் உட்கார்ந்து, அந்தப் பெட்டி வாயைத் திறந்து பேசுகிற ஒவ்வொரு வரியையும் எழுதினேன். "ஒரு தப்பு நடந்துடுச்சு. உன்னால இல்ல. டீச்சர்கிட்ட சொல்லு." "இடம் தீர்ந்துடுச்சு. வேண்டாததை அழிச்சுட்டு மறுபடி வா." "கொஞ்சம் பொறு, தேடிக்கிட்டிருக்கேன்." இயங்குதளம் என்றால் கொஞ்சமாவது மரியாதையான தமிழில் பேச வேண்டாமா என்று நீ சண்டைக்கு வந்தாய். மரியாதையான தமிழைக் காலமெல்லாம் தட்டியவள் நான், அதைப் படித்து ஒருத்தனுக்காவது பயம் தெளிந்து நான் பார்த்ததில்லை என்றேன். ரொம்ப நாள் இழுத்தது அந்த அணைக்கும்போது வருகிற வரிதான். நீ "கணினி நிறுத்தப்படுகிறது" என்று வைத்திருந்தாய். நான் அதை எடுத்துவிட்டு "சரி, போய்ட்டு வா" என்று போட்டேன். "கம்ப்யூட்டர் எங்கம்மா போவுது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாய். கம்ப்யூட்டர் எங்கேயும் போகவில்லைடா, குழந்தைதானே வீட்டுக்குப் போகிறது என்றேன். மறுநாள் பார்த்தால் என் வரி உள்ளே இருந்தது. கூடவே, கட்டுமரத்தை எழுதியவர்கள் பெயர் வருகிற இடத்தில் என் பெயரும் இருந்தது. உன் அம்மா என்று இல்லை, இன்னாருடைய மனைவி என்றும் இல்லை. என் பெயர், இன்ஷியலோடு. அதைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்லாமல் அடுப்பங்கரைக்குப் போனேன் இல்லையா, அழுகை வந்துவிட்டதால்தான் போனேன். இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

இனி உரிமத்துக்கு வருகிறேன், அதாவது நாம் எழுதிய புரோகிராமை மற்றவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்கிற சீட்டுக்கு. அந்த வார்த்தையை நீ வீட்டுக்குள் கொண்டு வந்த நாளிலிருந்து நம் வீட்டில் சாப்பாடு ஆறாத நாளே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்போரூர் டுட்டோரியல் மாடியில் நீங்கள் கூடுவீர்கள். நீ ஜிபிஎல் என்கிற உரிமத்தின் கட்சி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், மாற்றட்டும், விற்கக்கூடச் செய்யட்டும், ஆனால் மாற்றியதை இன்னொருவனுக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும், அதாவது உள்ளே எழுதியிருக்கிற வரிகளையும், திறந்தே கொடுக்க வேண்டும் என்பது உன் வேதம். ஒரு ஞாயிறு முகமெல்லாம் சிவந்து வந்தாய். யாரோ ஒருத்தி வந்திருக்கிறாள், லினக்ஸே வேண்டாம், பிஎஸ்டிதான் நல்ல இயங்குதளம் என்கிறாள், உன் ஜிபிஎல் சுதந்திரம் இல்லை, நிபந்தனை என்கிறாள் என்று குதித்தாய். அடுத்த ஞாயிறும் அதே புலம்பல். அதற்கடுத்த ஞாயிறு வருவதற்கு முன்னாலேயே, புதன்கிழமை வாக்கிலேயே ஆரம்பித்துவிட்டாய். ஒரு பெண்ணைப் பற்றி ஒருவன் இவ்வளவு நாள் விடாமல் திட்டினால் பெற்றவளுக்குப் புரியாதா? வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாடா, சண்டையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அப்படித்தான் வினோதினி நம் வீட்டில் முதல் முறை காலை வைத்தாள்.

அன்றைக்கு வஞ்சிரம் குழம்பு. நீங்கள் இருவரும் வாயில் வைக்காமலேயே வாதாடிக்கொண்டிருந்தீர்கள். பாவம் உன் அப்பா, நடுவில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஓசிதான? ஓசிக்கு இன்னாத்துக்கு இந்த அடிதடி?" என்றார். வினோதினிதான் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். நம் பக்கத்தில் மனை பிரித்து பிளாட் போடுகிறவர்கள் ரோடு விடுகிறார்கள் இல்லையா, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள். ஊருக்கென்று ஒரு வழி விட்டிருக்கிறது. அதிலிருந்து யார் எவ்வளவு தூரம் ரோடு நீட்டினாலும் அதுவும் ஊருக்குத்தான், கேட் போடக் கூடாது என்றால் அது ஜிபிஎல். வழியைக் கொடுத்தாயிற்று, விட்டவன் பெயர்ப் பலகையை மட்டும் பிடுங்காதே, மற்றபடி நீ நீட்டுகிற ரோட்டில் கேட் போடுவதும் போடாததும் உன் இஷ்டம் என்றால் அது பிஎஸ்டியோடு வருகிற உரிமம். அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அவர் ஊரில் ஏரிக்குப் போகிற வழியை மறித்து எவனோ கேட் போட்டு, இவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போன கதை உனக்குத் தெரியும். "கேட்டு போட்டா எனுக்கு ஆவாது. நான் என் புள்ள கட்சி" என்று சொல்லிவிட்டார்.

அவள் விட்டாளா? "கேட்டு அவங்க புதுசா போட்ட ரோட்டுக்குத்தான் மாமா. பழைய வழி அப்படியேதான் இருக்கும், யாரும் எடுத்துக்க முடியாது" என்றாள். உன் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "புது ரோடு வந்துட்டா பழைய வழில எவன் போவான்? முள்ளு மொளைச்சிக்கும்" என்றார். "முள்ள வெட்டிக்கினே நடக்கறவங்களும் கீறாங்க மாமா" என்று அவர் பேச்சிலேயே திருப்பிக் கொடுத்தாள். அந்த மனுஷர் அப்படியே விழுந்துவிட்டார். பெண்ணை அவருக்குப் பிடித்தது அந்த நிமிஷத்தில்தான். எனக்கும்தான். இருவரில் யார் சொல்வது சரி என்று நான் அன்றைக்கும் தீர்ப்பு சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லப்போவதில்லை. இரண்டு கட்சியிலும் நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேருமே தான் எழுதியதை ஊருக்குக் கொடுக்கத்தான் நினைக்கிறார்கள், கொடுத்த பிறகு என்ன ஆக வேண்டும் என்பதில்தான் தகராறு. இதைப் பிள்ளை வளர்ப்போடு ஒப்பிட்டு அம்மா இப்போது ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்துப் பயப்படாதே. நீ யாரும் எழுதிய புரோகிராம் இல்லை.

ஆரம்பத்திலேயே ரஃபீக் ஒன்று சொன்னான், நினைவிருக்கிறதா? எழுதுகிற எல்லோரும் தங்கள் உரிமையைக் குழுவின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் எதையாவது மாற்ற வேண்டி வந்தால் சுலபமாக இருக்கும் என்றான். விவரமான பிள்ளை. நீதான் எழுந்து நின்று முடியவே முடியாது என்றாய். எழுதியவருடைய வரி எழுதியவருக்கே சொந்தம், உரிமத்தை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொருவரையும் கேட்டாக வேண்டும் என்று முடிச்சுப் போட்டாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுக்கொண்டே எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! "நாளைக்கு எனக்கே மனசு மாறினாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றாய். எனக்கு அப்போது அதில் என்ன பெருமை என்று விளங்கவில்லை. இன்னொரு தோசை போடவா என்று கேட்டேன்.

நீ சொன்ன அந்த "நாளைக்கு" இப்போது வந்துவிட்டது. ஓஎம்ஆர் ரோட்டில் இருக்கிற ஒரு கம்பெனி கட்டுமரத்தைக் கேட்கிறது. வகுப்பறையில் வைக்கிற ஒரு பெட்டி செய்து தனியார் பள்ளிகளுக்கு விற்கப் போகிறார்கள். அடியில் இருக்கிற லினக்ஸை எடுத்துவிட்டு அங்கே பிஎஸ்டியை வைக்க வேண்டும், மேலே நீங்கள் எழுதியது, நான் எழுதியது எல்லாவற்றையும் பிஎஸ்டி மாதிரி உரிமத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், அவர்கள் செய்கிற மாற்றத்தை அவர்களே பூட்டி வைத்துக்கொள்வார்கள். பதிலுக்கு உன்னையும் ரஃபீக்கையும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பிடித்ததைச் செய்துகொண்டே சம்பளம் வாங்கலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தொழிற்சாலையில் அடுத்தவன் பிரிண்டர் ரிப்பேரைப் பார்த்துக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயிலில் ரூம் எடுத்துத் தங்கி, தொழிற்சாலை பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போகிறாய். கல்யாணம் வேறு. கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருக்கிறது, கோட்டு தைக்கிறவரே அளவெடுக்கும்போது சொன்னார். அதனால்தான் உன் மெயில் வந்ததும் நான் பதில் தட்டிவிடவில்லை. ஒரு வார்த்தை ஓகே என்று போட்டால் என் பிள்ளைக்கு நல்ல வேலை. எந்த அம்மாதான் போட மாட்டாள்?

போட்டிருப்பேன். உன் மெயிலின் கடைசி வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன். "இம்மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் எனக் கருதப்படும்." அதைப் படித்ததும் எனக்குச் சுள்ளென்றது. கையில் இருந்த மஞ்சள் காய்ந்துபோகும் வரைக்கும் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது காப்பித் தட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். பிடித்திருக்கிறதா என்று அவரைக் கேட்டார்கள். நான் பேசாமல் நின்றேன், அதனால் சம்மதம். தட்டச்சு படி, அரசாங்க வேலை கிடைக்கும் என்றார்கள், பேசாமல் படித்தேன், அதனால் சம்மதம். கல்பாக்கம் குவார்ட்டர்ஸை விட்டு வரும்போது உன் அப்பா இந்தப் படூர் பிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, மைசூர்பாகு டப்பாவோடு வந்து நின்றார். நான் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், அதுவும் சம்மதம். இதையெல்லாம் வருத்தப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எல்லாம் நல்லபடியாகவே அமைந்தது. உன் அப்பா தங்கமான மனுஷர். இந்த பிளாட்டும் எனக்குப் பிடிக்கும், சாயங்காலம் கடல் காற்று வந்துவிட்டால் ஃபேன்கூடப் போடுவதில்லை. கேட்டிருந்தாலும் நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

கேட்டது நீதான். என் சம்மதம் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது என்று என்னிடம் ஒரு விஷயம் வந்து நின்றது இதுதான் முதல் தடவை. அதுவும் பாசத்தில் வரவில்லை, நான் அம்மா என்பதற்காகவும் வரவில்லை. நீ அன்றைக்கு டுட்டோரியல் மாடியில் எழுந்து நின்று போட்டாயே ஒரு முடிச்சு, அதனால் வந்தது. தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்ன பெருமை என்ன என்று எனக்கு இப்போது விளங்குகிறது. என்னைக் கேட்டே தீர வேண்டும் என்று சட்டம் போட்டவனும் நீ, நான் பேசாவிட்டால் சம்மதம் என்று எழுதியவனும் நீ. முதலாவது பிள்ளையை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இரண்டாவது பிள்ளையை நேரில் பார்த்தால் காதைத் திருகுவேன்.

குழப்பம் தீராமல் வினோதினியிடம் பேசினேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவளை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் பிஎஸ்டி கட்சி ஆயிற்றே, கையெழுத்துப் போடுங்கள் என்பாள், போட்டுவிடலாம் என்றுதான் கேட்டதே. அவள் கையில் இருந்த அளவு ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு, "நான் எழுதுறத எவன் வேணா எடுத்துக்கட்டும் அத்தை, பூட்டியும் வெச்சுக்கட்டும், எனக்குக் கவலையே இல்ல. ஆனா அது நான் எழுதுறதுக்கு. நீங்க எழுதினத வெச்சு நான் எப்படித் தாராளமா இருக்க முடியும்?" என்றாள். அந்தக் கடைசி வரியை எடு என்று உன்னிடமும் சொன்னாளாம். நீ கேட்கவில்லையாம். ஓஹோ, அதனால்தான் புடவை எடுக்கப் போன அன்றைக்கு இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றீர்களா? நான் என்னவோ கலர்தான் பிடிக்கவில்லை என்று நினைத்து, கடைக்காரனை மாடிக்கும் கீழுக்கும் அலைய விட்டேன். இதைக் குழுவில் எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் அத்தை என்று சிரித்தாள். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், கவனித்துக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் யாரோ கட்டுமரத்தை ஏற்றி, என் வரிகளைத் தங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொண்டு, மாற்றியதைக் குழுவுக்கும் அனுப்பி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீதான் போனில் காட்டினாய். "ரீச்சரிட்டச் சொல்லு" என்று இருந்தது. அணைக்கும்போது, "சரி, போட்டு வாங்கோ." நம் போய்ட்டுதான் அங்கே போட்டு. நான் படூரில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு எழுதிய வரி கடலைத் தாண்டிப் போய், அந்தப் பிள்ளைகளோடு இருந்து, அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு என்னிடமே திரும்பி வந்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க உன் அப்பாவை, சரி, போட்டு வாங்கோ என்றே கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் குழந்தைகளுக்குத்தான் செய்கிறார்கள். ஆனால் என் வரியை எடுத்து அவர்கள் என்ன பேச வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விடும். போன இடத்தில் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும் எனக்கு. அவ்வளவுதான் என் ஆசை. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். என் பெயரில் இருக்கிற வரிகளுக்கு உரிமத்தை மாற்ற எனக்குச் சம்மதம் இல்லை.

நீ இப்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், தெரியும். கேள். என் வரிகளைத் தூக்கிவிட்டு வேறு யாரையாவது புதிதாக எழுதச் சொல்லி அவர்களுக்குக் கொடுக்கலாம், அதில் யாருக்கும் தப்பில்லை. எனக்குக் கோபமும் இல்லை, சத்தியமாக இல்லை. கொல்லப்பட்டது, அபாயகரமானது மட்டும் வேண்டாம் என்று சொல்லி வை, போதும். இல்லாவிட்டால் அந்தக் கம்பெனிக்குப் போய், இப்போது இருக்கிற உரிமத்திலேயே பெட்டியைச் செய்யுங்கள், விற்றுக்கொள்ளுங்கள், மாற்றியதை மட்டும் திறந்து காட்டுங்கள் என்று கேட்டுப் பார். இதுவரை நீ இதைக் கேட்கவே இல்லை என்று ரஃபீக் சொல்கிறான். முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம் உனக்கு. சொல்லலாம். சொன்னால் அந்த வேலை போகும், உனக்கு என் மேல் கொஞ்ச நாள் வருத்தம் இருக்கும். வருத்தத்தோடேயே வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. அதற்காக, அம்மாவின் பெயரைச் சொல்லி உன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். நான் என் வரிகளுக்குத்தான் பதில் சொன்னேன், உன் வரிகளுக்கு நீ சொல்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் பெற்றவர்கள் நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். என்னிடம் நாலு இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. நீயும் வினோதினியும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பார்த்து வைத்திருக்கிற வீட்டில், லினக்ஸா பிஎஸ்டியா என்று ஆயுசுக்கும் சண்டை போடுங்கள். பாத்திரம் உருண்டாலும் பரவாயில்லை. அவள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிற வரை எனக்குக் கவலை இல்லை. என்றைக்காவது நீ ஒன்று சொல்லி, அவள் பதிலே பேசாமல் அந்தப் பக்கம் போனாள் என்றால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே கண்ணு. பின்னாலேயே போய்க் கேள். உன் அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்குச் சாயங்காலம் அவர், ஜன்னல் திரைக்கு எந்தக் கலர் துணி எடுக்கலாம் என்று என்னைக் கேட்டார். நீலம் என்றேன். எடுக்கப் போயிருக்கிறார்.

குழுவுக்கு: பதில் வந்துவிட்டது, சம்மதம் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உனக்கு: ஞாயிற்றுக்கிழமை வரும்போது பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு போக ஒரு பை கொண்டு வா. கல்யாணம் முடிந்து நீ அந்த வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கு வாசலில் நின்று நான் என்ன சொல்வேன் என்று உனக்கே தெரியும், அந்தப் பெட்டியை அணைத்த குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். இப்போதே சொல்லி வைக்கிறேன், அன்றைக்கு நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாலும் போய்விடுவேன்.

சரி, போய்ட்டு வா.